வெள்ளச் சேலைய பெட்டில வைக்காத மக்ளே

மக்ளே, நீ கேட்டது இதுதான். கல்யாணம் முடிஞ்ச கையோட நீயும் உன் வீட்டுக்காரரும் அடுத்த மாசம் ஜார்க்கண்ட்ல சந்தால்ங்கிற ஆதிவாசி ஜனங்க இருக்கிற ஒரு கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போறிய, உங்க பாஸ்டர் ஐயா "அவங்க கலாச்சாரத்தோட ஒத்துப் போங்க"ன்னு சொல்லி அனுப்புறாரு, சபைல இன்னொரு பெரியவர் "ஒத்துப் போனா விசுவாசம் கலப்படமாயிரும், பாத்துக்க"ன்னு பயம் காட்டுறாரு, எது வரைக்கும் போலாம் எங்க நிக்கணும்னு ஒனக்கு பிடிகிட்டல. நான் கன்னியாகுமரி ஜில்லால நெய்யூர் பக்கத்துக்காரி, நர்ஸ், அதே சந்தால் பர்கானா பக்கம் 17 வருஷம் ஒரு சின்ன கிளினிக்ல இருந்துட்டு வந்தவ. எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படி.

மொதல்ல சேலைல இருந்து ஆரம்பிக்கேன். நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழம ஆராதனைக்கு வெள்ளச் சேல உடுத்துறது எனக்கு சின்ன வயசுலயே பழக்கம், எங்க அம்மா அதுக்குன்னே ஒரு சேலைய நீலம் போட்டு மடிச்சு வச்சிருப்பா, வெள்ளன்னா பரிசுத்தம், அப்பிடித்தான் வளந்தோம். அங்க போன மொத ஞாயித்துக்கிழம அதே மாதிரி வெள்ளச் சேல, நெத்தில பொட்டு இல்ல, கைல வளையல் இல்ல, காதுல ஒண்ணும் இல்ல, அப்பிடியே கைபம்புக்கு தண்ணி எடுக்கப் போனேன். அங்க நின்ன பொம்பளைங்க எல்லாம் பேச்ச நிறுத்திட்டு வழி விட்டு ஒதுங்கினாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கடைசில ஒரு கிழவி மெதுவா வந்து என் முழங்கையத் தொட்டு ஹிந்தில கேட்டா, "எப்பம்மா போனாரு?"ன்னு. யாருன்னு கேட்டேன். "ஒன் வீட்டுக்காரர்"னா. அவரு அந்நேரம் அம்பதடி தள்ளி சைக்கிள் செயின மாட்டிட்டு இருந்தாரு. எனக்கு அங்கனயே அழுக வந்துட்டு. வடக்க வெள்ளச் சேல, வெறும் நெத்தி, வெறும் கைன்னா விதவைன்னு அர்த்தம், நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுகதுக்கு முன்னாலயே என் சேல அவங்ககிட்ட ஒரு பொய்யச் சொல்லிட்டு.

அடுத்த சந்தை நாள்ல பச்சை கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிப் போட்டேன், கலர் சேலைக்கு மாறினேன். அதோட கைபம்புல பேச்சு வந்துது. மறுவருஷம் லீவுல ஊருக்கு வந்தப்ப சபைல ஒரு அக்கா என் கையப் பாத்துட்டு "வடக்க போயி உலகத்துக்கு ஒத்த வேஷம் போட்டுட்டியா"ன்னு கேட்டா, நல்ல மனசுலதான் கேட்டா, ஆனா எனக்கு வலிச்சுது. நீ போயிட்டு வந்தா ஒனக்கும் இது நடக்கும், தயாரா இரு.

குங்குமத்துக்கு வாறேன், ஏன்னா நீ கேட்ட "எங்க நிக்கணும்"ங்கிற கேள்விக்கு என்கிட்ட இருக்கிற பதில் அதுலதான் இருக்கு. சந்தால் கல்யாணத்துல மாப்பிள்ள பொண்ணு நெத்தில சிந்தூர் வைக்கிறதுதான் கல்யாணமே, நமக்கு தாலி எப்பிடியோ அப்பிடி. அப்ப நானும் சிந்தூர் வைக்கணுமா வேண்டாமா? இத நானா முடிவு பண்ணல, ஊர்ல உள்ள பெரியவங்ககிட்ட லெட்டர் போட்டும் கேக்கல. அங்க விசுவாசத்துக்கு வந்த பொம்பளைங்க கூட உக்காந்து கேட்டேன். அவங்க ரொம்ப நாள் பேசினாங்க. சிலபேரு "இது எங்க கல்யாண அடையாளம், இதுல வேற ஒண்ணும் இல்ல"ன்னு வச்சாங்க, சிலபேரு "எனக்கு இத வைக்கும்போது பழைய பூஜ ஞாபகம் வருது"ன்னு விட்டாங்க. என்னப் பாத்து ஒருத்தி சொன்னா, "ஒன் கல்யாணத்துல ஒனக்கு என்ன போட்டாங்க?" தாலின்னேன். "அப்ப அதப் போடு, வெளிய தெரியிற மாதிரி போடு, நாங்க புரிஞ்சுக்கிடுவோம்." அதோட அந்தப் பிரச்சன முடிஞ்சுது. எது நிக்கணும் எது போகணும்னு சொல்ல உரிம உள்ளவங்க அந்த வீட்டுக்காரங்கதான் மக்ளே, நீ விருந்தாளி. விருந்தாளி வந்த வீட்டுல பாத்திரத்த மாத்தி அடுக்கக் கூடாது.

இது நானா கண்டுபிடிச்சது இல்ல, அப்போஸ்தலர் 15ல உள்ளதுதான். யூதர் அல்லாதவங்க இயேசுவ நம்பணும்னா மொதல்ல விருத்தசேதனம் பண்ணி யூதனா மாறணுமான்னு எருசலேம்ல பெரிய வாக்குவாதம் நடந்து, வேண்டாம்னு தீர்மானம் ஆச்சு. அந்தத் தீர்மானம் மட்டும் வேற மாதிரி போயிருந்தா நம்ம கொளச்சல்ல, மார்த்தாண்டத்துல ஒரு சபையும் இருந்திருக்காது. ஆனா இதுல ஒரு சங்கதிய நல்லா கவனி. அடுத்த அதிகாரத்துலயே பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்றாரு, யூதருங்க நடுவுல வேல செய்யணும்னு. அதே பவுல் கலாத்தியர் 2ல தீத்துவுக்கு அத கட்டாயப்படுத்த விடவே இல்ல. ஒரே காரியம், ஒரு இடத்துல செஞ்சாரு, இன்னொரு இடத்துல ஒத்துக்கல. ஏன்? தீமோத்தேயுக்கு செஞ்சது மத்தவங்க பக்கத்துல போறதுக்கு. தீத்துகிட்ட கேட்டது "இது இல்லன்னா நீ எங்க ஆளு இல்ல"ன்னு ஒருத்தனத் தள்ளி வைக்கிறதுக்கு. அதே அதிகாரத்துல, அந்தியோகியாவுல பேதுரு மத்த ஜாதிக்காரங்க கூட சாப்பிட்டுட்டு இருந்தவரு, எருசலேம்ல இருந்து ஆளு வந்ததும் பந்திய விட்டு எழும்பிப் போனாரு, பவுல் எல்லாருக்கு முன்னாலயும் அவர முகத்துக்கு நேரா கேட்டாரு. பேதுருவும் அந்நேரம் "ஒத்துப் போறேன்"னுதான் நெனச்சிருப்பாரு. வந்தவங்களோட ஒத்துப் போனாரு, ஆனா எச்சி எலையோட உக்காந்திருந்தவன விட்டுட்டாரு.

நம்ம பக்கத்துலயே இதுக்கு ரெண்டு பக்கமும் சாட்சி இருக்கு, வடக்கன்குளம் போயிருப்ப, ஆரல்வாய்மொழி தாண்டினா திருநெல்வேலி மாவட்டத்துல. நட்டாலத்துல 1712ல பொறந்த நீலகண்ட பிள்ளைக்கு, கொளச்சல் சண்டைல பிடிபட்டு திருவிதாங்கூர் பட்டாளத்துலயே சேந்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் விசுவாசத்தப் பத்தி சொன்னாரு, அதுவும் எத வச்சு, யோபு புஸ்தகத்த வச்சு, ஏன்னா அந்நேரம் நீலகண்ட பிள்ள வீட்டுல நஷ்டமும் கஷ்டமுமா இருந்துது, கேக்குற மனுஷன் எந்த வேதனைல இருக்கானோ அங்க இருந்து பேச்ச ஆரம்பிச்சாரு. 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம். வச்ச பேரு லாசரு. அந்தப் பேருக்கு அர்த்தம் கடவுள் துணைங்கிறதால தமிழ்ல தேவசகாயம்னு வச்சாங்க. அவரு மனைவிக்கு தெரேசாங்கிற பேரு, தமிழ்ல ஞானப்பூ. யோசிச்சுப் பாரு, வெளிநாட்டுப் பேர ஒட்ட வைக்காம அர்த்தத்த எடுத்து நம்ம பாஷைல பூக்க வச்சிருக்காங்க. அவரு 1752ல காற்றாடிமலைல சுடப்பட்டு செத்தாரு, 2022 மே 15ல ரோம்ல புனிதர்னு அறிவிச்சாங்க, நம்ம ஜில்லால அன்னைக்கு மணி அடிக்காத பங்குக் கோவில் இல்ல.

அதே வடக்கன்குளத்துல பின்னால என்ன நடந்துதுன்னும் தெரிஞ்சுக்க. கோவிலுக்குள்ள ஜாதிக்கு ஒரு பக்கம்னு நடுவுல சுவரு வச்சு பிரிச்சு உக்கார வச்சாங்க, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பீடம், ஆனா ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துலதான் அந்தச் சுவர இடிச்சாங்க, அதுக்கும் பெரிய வழக்கு வம்பு. அந்தச் சுவரக் கட்டுனவங்களும் "ஊர் வழக்கத்தோட ஒத்துப் போறோம்"னுதான் சொல்லியிருப்பாங்க. ஒரே ஊரு, ஒரே சபை, பேர தமிழாக்குனதும் ஒத்துப் போறதுதான், சுவரு கட்டுனதும் ஒத்துப் போறதுதான். ஒண்ணு மனுஷன உள்ள கூப்பிட்டுது, இன்னொண்ணு பாதிப்பேர வெளிய நிறுத்திச்சு. ஒனக்கு எங்க நிக்கணும்னு சந்தேகம் வந்தா இந்த ரெண்டையும் நெனச்சுக்க.

மதுரைல 1606ல வந்த இத்தாலி பாதிரியார் ராபர்ட் டி நொபிலிய எல்லாரும் புகழுவாங்க, காவி உடுத்தினாரு, சைவ சாப்பாடு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்சாரு, எல்லாம் பெரிய காரியம்தான், எனக்கு அவருமேல மதிப்பு உண்டு. ஆனா மேல்சாதிக்காரங்கள சேக்கணும்னு தாழ்ந்த சாதி விசுவாசிகளோட வெளிப்படையா பழகாம இருந்தாரு, அவங்களுக்கு பிற்பாடு பண்டார சாமிகள்னு வேற குருக்கள வச்சாங்க. அது எனக்கு ஒத்துக்காது, எவ்ளோ பெரிய அறிவாளி செஞ்சிருந்தாலும் ஒத்துக்காது.

ஏன் ஒத்துக்காதுன்னு கேட்டா நம்ம பாட்டிமாரு கதை அது. இந்த மண்ணுல அந்தக் காலத்து "கலாச்சாரம்" என்ன சொல்லிச்சு? நாடாரும் அதுக்குக் கீழன்னு வச்ச மத்த சாதிப் பொம்பளைங்களும் மேல்சாதிக்கு முன்னால மார மறைக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. 1806ல மயிலாடிக்கு மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் வந்தாரு, அவரும் சும்மா வரல, மயிலாடிக்காரர் வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரைக்கும் போயி தானா விசுவாசத்துக்கு வந்து, எங்க ஊருக்கு ஆளனுப்புங்கன்னு கேட்டதால வந்தாரு. பின்னால மீட் ஐயர், மால்ட் ஐயர் காலத்துல மிஷனெரி அம்மாமாரு பொம்பளப் பிள்ளைங்களுக்கு படிப்பும் தையலும் சொல்லிக் குடுத்தாங்க, குப்பாயம்ங்கிற மேல்சட்டை தச்சுப் போட்டாங்க, 1820கள்ல நாகர்கோவில்ல லேஸ் பின்னுற வேல ஆரம்பிச்சு அந்தக் கூலிய பிள்ளைங்க கைல குடுத்தாங்க. சந்தைல சேலையக் கிழிச்சாங்க, சபையக் கொளுத்தினாங்க, 1822ல ஆரம்பிச்ச தோள்சீலைக் கலகம் 1859 ஜூலை 26 மகாராஜா அறிக்கை வரைக்கும் இழுத்துது, அந்த அறிக்கைலயும் மேல்சாதிப் பொம்பளைங்க மாதிரி உடுத்தக் கூடாதுன்னு ஒரு வால் இருந்துது. அன்னைக்கு மிஷனெரிமாரு "இது இவங்க கலாச்சாரம், நாம தலையிடக் கூடாது"ன்னு இருந்திருந்தா? எங்க பாட்டிக்குப் பாட்டி குப்பாயம் போட்டு நிமிந்து நடந்ததாலதான் நான் நர்ஸ் கோட் போட்டேன். அதனால கலாச்சாரம்னு யாராவது சொன்னா, அத யாரு சொல்றா, அதுல யாரு முதுகு குனியுதுன்னு பாரு.

இதுல இன்னொண்ணும் சொல்லணும். அதே காலத்துல சாமித்தோப்புல அய்யா வைகுண்டர், நம்ம விசுவாசத்த ஏத்துக்காதவரு, ஆனா தலைல துணி கட்டக் கூடாதுன்னு இருந்த ஜனத்த தலப்பா கட்டிட்டு நிமிந்து வரச் சொன்னாரு, முத்திரிக் கிணத்துல எல்லா சாதியையும் ஒரே தண்ணி எடுக்க வச்சாரு. ஜனங்க அவரு பின்னால ஏன் போனாங்கன்னு நம்மாளுங்க குறையாப் பேசக் கேட்டிருக்கேன், அப்பிடிப் பேசாத. மரியாத எங்க கிடைக்குதோ அங்க மனுஷன் போவான். நீ போற ஊர்லயும் சர்னாங்கிற ஆதிவாசி மரபு வழிபாட்டுல நிக்கிறவங்க இருப்பாங்க, அவங்க பெரியவங்கள கேலி பண்ணி ஒரு வார்த்த ஒன் வாயில இருந்து வரக் கூடாது.

பாஷைக்கு வருவோம். போன உடனே பேசணும்னு துடிக்காத. சவேரியார நம்ம கடற்கரைல தெய்வமா கொண்டாடுறோம், கோட்டார் திருவிழான்னா டிசம்பர் 3 லோக்கல் லீவு, ஆனா அவரு 1544ல தன்கூட வேல செஞ்ச மன்சிலாஸ்ங்கிறவருக்கு எழுதின ஒரு லெட்டர்ல என்ன சொல்றாரு தெரியுமா, விசுவாசப் பிரமாணத்துல "எனக்கு வேணும்"னு சொல்லிக் குடுத்துட்டு இருக்கோம், அத விட்டுட்டு "விசுவாசம்"னு சொல்லு, ஏன்னா வேணும்னா ஆசப்படுறதுன்னு அர்த்தமாம், கடவுள விசுவாசிக்கிறேன்னு சொல்றதுதான் சரின்னு. அவரு கோவா வந்து ரெண்டு வருஷம் போல ஆன நேரம் அது. அதுவரைக்கும் எத்தன பிள்ளைங்க மணி அடிச்சதும் ஓடிவந்து "வேணும் வேணும்"னு மனப்பாடம் பண்ணியிருக்கும்! அந்த வருஷக் கடைசிலதான் நம்ம கடற்கரைல பூவாறு தொட்டு பள்ளம் வரைக்கும் ஒரே மாசத்துல பத்தாயிரம் பேருக்கு மேல ஞானஸ்நானம் குடுத்தாரு. எனக்கு அந்த எண்ணிக்கைய விட அந்த லெட்டர்தான் பெருசு, தப்ப ஒத்துக்கிட்டு திருத்துனது. கடவுளுக்கு என்ன பேருங்கிறதுலயே நம்ம தமிழ் வேதாகமம் எத்தன தடவ மாறியிருக்கு பாரு, சர்வேசுரன், பராபரன், தேவன், இப்ப 1995 திருவிவிலியத்துல கடவுள். முந்நூறு வருஷமா நாமளே தேடிட்டு இருக்கோம், நீ ஆறு மாசத்துல முடிவு பண்ணிராத.

சந்தாலி படி, ஹிந்தி போதும்னு நிறுத்தாத. ஹிந்தி அவங்களுக்கு போலீஸ் ஸ்டேஷன் பாஷை, பிளாக் ஆபீஸ் பாஷை. நார்வேல இருந்து வந்த ஸ்க்ரெப்ஸ்ருட் 1873லயே சந்தாலி இலக்கணம் எழுதிட்டாரு, அவருக்குப் பின்னால போடிங் நாப்பது வருஷத்துக்கு மேல அங்கயே கிடந்து அஞ்சு வால்யூம் அகராதி போட்டாரு. அவங்களுக்குன்னு ஓல் சிக்கி எழுத்தும் இருக்கு, ரகுநாத் முர்மு 1925ல உண்டாக்கினது, ரோமன் எழுத்துல படிக்கிற சபைங்களும் உண்டு, எந்த எழுத்துங்கிற சண்டைல நீ போயி மாட்டாத, அது அவங்க விஷயம்.

பேசத் தெரியாததால மட்டும் தப்பு வராது, உக்காரத் தெரியாததாலயும் வரும். நாங்க போன புதுசுல ஒருநாள் நல்ல வெயில், ஊர்த்தலைவர் மாஞ்ஜி வீட்டு முன்னால மண்ணால மெழுகின ஒரு சின்ன மேடை, மேல கூரை, நல்ல நிழல். என் வீட்டுக்காரர் செருப்போட அதுல உக்காந்து துண்டால முகத்தத் தொடச்சாரு. முற்றத்துல விளையாடிட்டு இருந்த பிள்ளைங்க அப்பிடியே நின்னுட்டு. அதுக்குப் பேரு "மாஞ்ஜி தான்", தான்னா ஸ்தானம், அந்த ஊர உண்டாக்கின முதல் தலைவரோட ஆவி இருக்கிற இடம்னு அவங்க நம்புற மேடை, ஊர்ப் பஞ்சாயத்தும் அதுக்கு முன்னாலதான் நடக்கும். நம்ம சபைல ஒருத்தன் செருப்போட பலிபீடத்துல ஏறி உக்காந்தா எப்பிடி இருக்கும்? விஷயம் தெரிஞ்சதும் அவரு அன்னைக்கு சாயங்காலமே போயி மாஞ்ஜி முன்னால ரெண்டு கையும் கூப்பி நின்னாரு. மாஞ்ஜி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் உள்ள பாத்து குரல் குடுத்தாரு, அவரு மருமக ஒரு லோட்டா தண்ணி கொண்டுவந்து எங்க முன்னால தரைல வச்சு குனிஞ்சு கும்பிட்டா. லோட்டா தண்ணி வைக்கிறதுதான் அவங்க விருந்தாளிய ஏத்துக்கிற மரியாத. அவரு அந்த மேடைய வணங்கல, அத மாஞ்ஜி கேக்கவும் இல்ல. மனுஷன்கிட்ட மன்னிப்பு கேட்டாரு, அது போதுமா இருந்துது.

சாப்பாடு. இதுலதான் பாதிப்பேரு தோத்துப்போயிருவாங்க. நமக்கு தேங்கா எண்ணெய், தேங்கா அரச்ச சாளைக் கறி, மரச்சீனி. அங்க கடுகு எண்ணெய். மொத மாசம் அந்த வாசனைக்கே எனக்கு கொமட்டும், மூக்கப் பிடிச்சுட்டு சாப்பிட்டா பாத்துக்கிட்டே இருப்பாங்க. எனக்கு கை குடுத்தது பழங்கஞ்சிதான், ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி காலைல உப்பும் மொளகாயும் வெங்காயமும் வச்சு சாப்பிடுறது அங்கயும் உண்டு, மொதல்ல சால் எலைத் தொன்னைல அது வந்தப்ப எங்க வீட்டுத் திண்ணைல இருக்கிற மாதிரி இருந்துது, ரெண்டாவது வாட்டி நானே கேட்டு வாங்கினேன், அந்த வீட்டு அம்மா முகத்துல வந்த சந்தோஷத்த இப்பவும் மறக்கல. கிறிஸ்தவ வீடு, மத்த வீடுன்னு பாக்காம எந்த வீட்டுல கூப்பிட்டாலும் சாப்பிடு, முக்கியமா ஊர்ல மத்தவங்க தண்ணி வாங்காத வீடு ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அங்க மொதல்ல சாப்பிடு.

ஹண்டியா குடுப்பாங்க, அரிசில புளிக்க வச்ச கள்ளு மாதிரி ஒண்ணு, அவங்களுக்கு அது மரியாத. நான் வாசல்லயே சிரிச்சுக்கிட்டே "நாங்க குடிக்கிறதில்ல, தண்ணி குடுங்க"ன்னு சொல்லி அந்தத் தண்ணிய முழுசா குடிச்சுருவேன், ஒருத்தரும் கோவிச்சுக்கல. குடிய விடணும்னு நான் அங்க ஒருநாளும் பிரசங்கம் பண்ணல, அங்க உள்ள விசுவாசிங்க தங்களோட கடனையும் அடிதடியையும் பாத்து அவங்களாவே விட்டாங்க. சோஹ்ராய் பண்டிகைக்கு மாட்ட அலங்கரிப்பாங்க, வீட்டுச் சுவருல படம் வரைவாங்க, ராத்திரி முழுக்க மத்தளமும் பாட்டும். போ, உக்காரு, பாட்டு கேளு. படையல் வைக்கிற நேரத்துல மட்டும் எழும்பி வந்துரு, சத்தம் போடாம. 1 கொரிந்தியர் 10ல அதுக்கு நல்ல தெளிவா இருக்கு, முன்னால வச்சத விசாரிக்காம சாப்பிடு, இது படச்சதுன்னு ஒருத்தன் சொன்னா அவனுக்காக விட்டுரு.

மருந்தையும் பிரசங்கத்தையும் ஒரு கைல பிடிக்காத. இது கண்டிப்பா சொல்றேன். ஜார்க்கண்ட்ல 2017ல மதச் சுதந்திரச் சட்டம் வந்திருக்கு, வற்புறுத்தியோ ஆச காட்டியோ மதம் மாத்தினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆதிவாசியோ பொம்பளையோ சின்னப்பிள்ளையோன்னா 4 வருஷம். சட்டம் இல்லாட்டாலும் அது தப்புதான், காய்ச்சல்ல நடுங்குற பிள்ளையோட அம்மா எதுக்கும் தலையாட்டுவா, அத நான் விசுவாசம்னு எடுத்துக்க முடியாது. நெய்யூர் ஆஸ்பத்திரி 1838ல ஆரம்பிச்சது, எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் அங்க வந்து கத்தி பிடிச்சாரு, வந்தவங்க எல்லாரும் மதம் மாறணும்னா கேட்டாரு? வயித்து வலியோட வந்தவன் வலி இல்லாம வீட்டுக்குப் போனான். கேக்குறவங்களுக்கு சொல்லு, நீ ஏன் இவ்ளோ தூரம் வந்தன்னு கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க, அப்ப மறைக்காம சொல்லு, இயேசுவாலதான் வந்தேன்னு. கேக்குற வரைக்கும் காத்திரு. அவங்க போட்டோவ கேக்காம எடுத்து ஊருக்கு அனுப்பாத, "இருளில் இருக்கும் ஜனம்"னு கீழ எழுதவே எழுதாத, அவங்க பிள்ளைங்களும் போன் வச்சிருக்கு, படிக்கும்.

கீர்த்தனைப் புஸ்தகம் எடுத்துட்டுப் போ, ராத்திரி தூக்கம் வராதப்ப ஒனக்கு வேணும். சபைல அத ஹிந்தில மொழிபெயர்த்துப் பாட வைக்காத, அவங்க மெட்டுல அவங்களே கட்டட்டும், தஞ்சாவூர்ல வேதநாயக சாஸ்திரியார் நமக்கு நம்ம ராகத்துல கட்டுன மாதிரி. நாங்க இருந்த இடத்துல ஏழாவது வருஷம்தான் மொத பாட்டு வந்துது, நடவு நேரத்துல வயல்ல பாடுற மெட்டு, கட்டினது அன்னைக்கு என்கிட்ட "எப்ப போனாரு"ன்னு கேட்ட அந்தக் கிழவியோட மருமக.

பெட்டில இடம் இருந்தா தலைக்குத் தேய்க்க தேங்கா எண்ணெய் ரெண்டு பாட்டில், கொஞ்சம் கருப்பட்டி, குளிருக்கு நல்ல கம்பளி, டிசம்பர் ஜனவரி குளிரு நம்ம ஊர்க்காரங்களுக்கு தாங்காது. சேலைல நல்ல கலரா நாலு எடுத்துக்க. வளையல் இங்க வாங்காத, அங்க சந்தைல வாங்கு, தனியா போகாம பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போயி அவளையே எடுத்துத் தரச் சொல்லு.